முருகனுக்கு ஒரு எம்சி

வெகுநாளைக்கு முன் கேட்ட சத்தம் ஒன்று இன்னும் என் காதில் இருக்கிறது. வேலை விட்டு வந்த அப்பா குப்புறப் படுப்பார். சிறுமியான நான் அவர் முதுகில் ஏறி மிதிப்பேன். உள்ளே எங்கோ ‘கடக்’ என்று கேட்கும். வலி தாழ்ப்பாளைத் திறந்து வெளியே போவதாக நினைத்துக்கொள்வேன். பிறகு படித்து, நர்ஸாகி, எல்லோருக்கும் ‘மிஸி’யாகி, மலேசிய மலைமேல் இந்தத் தேயிலைத் தோட்டத்துக் கிளினிக்கில் கிழவியும் ஆகிவிட்டேன். எங்கள் தொழிலில் நோயோடு மல்லுக்கட்டுவது பாதிதான். மீதி, நோயாளியைச் சுற்றி இருப்பவர்களோடு. முதுகைப் பிடித்துக்கொண்டு இதைப் படிப்பவர்களுக்கு அது தெரிந்திருக்கும்.

கொழுந்து மூட்டை தூக்கும் மாரிமுத்துவுக்கு இடுப்பில் டிஸ்க் பிதுங்கி, வலி காலுக்கு இறங்கிவிட்டது. ஈப்போ ஆஸ்பத்திரி டாக்டர் மாத்திரை, பயிற்சி, நடை என்று சொல்லி, மெடிக்கல் லீவுக்கு எம்சி சீட்டும் எழுதி, பாரம் தூக்கவே கூடாது என்றார். கால் பலம் குறைந்தாலோ சிறுநீர் நின்றாலோ உடனே வர வேண்டும். இல்லையென்றால் சில வாரம் பார்த்துவிட்டு ஆபரேஷனை யோசிக்கலாம். ஆபரேஷன் என்றதும் மாரிமுத்துவின் உதடு வெளுத்துவிட்டது. கத்தி வைத்தால் இனி மலை ஏற முடியாது என்று அவருக்குப் பயம்.

மிதி வைத்தியம்

பயிற்சி சொல்லித்தர அவர் லயத்து வீட்டுக்குப் போனேன். மாரிமுத்து தரையில் குப்புறக் கிடந்தார். முதுகின் மேல், சுவரைப் பிடித்தபடி, மனைவி புஷ்பம் நின்றிருந்தாள். ஸ்டோரில் தேயிலைப் பெட்டி அடுக்குகிறவள், நல்ல கனம். இறங்கு என்றேன். பிதுங்கியதை மிதித்தால் என்ன ஆகும் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு இறங்காமலே சொன்னாள்: “இருங்க மிஸி, சத்தம் இன்னும் வரல.”

நடக்கிறவனுக்கு என்ன நோவு

மிதியை நிறுத்தி, காலையும் மாலையும் தோட்டத்து ரோட்டில் நடக்க வைத்தேன். பனிக்குள் அவர் மெல்ல நடப்பதைப் பார்க்க எனக்கே ஆறுதலாக இருந்தது. அதைப் பார்த்தவர் இன்னொருவரும் உண்டு: வேலை வாங்கும் மேஸ்திரி, மண்டோர். எம்சி எடுத்தவன் நடமாடலாமா என்று கேட்டிருக்கிறார். அன்றிலிருந்து மண்டோரின் மோட்டார் சத்தம் கேட்டால் மாரிமுத்து புல்லில் படுத்துவிடுவார். அது தாண்டியதும் எழுந்து நடப்பார். படுத்து எழுவதிலேயே வலி கூடியது. மண்டோரிடம் போய், நடைதான் இவருக்கு மருந்து என்றேன். அவர் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: “அப்ப மூட்டையோட நடக்கச் சொல்லுங்க லா மிஸி, மருந்து சீக்கிரம் புடிக்கும்.”

வேண்டுதல்

எப்படியோ வலி காலைவிட்டு மேலேறி, இடுப்போடு நின்று, பிறகு தணிந்தது. ஆபரேஷன் வேண்டாம் என்று ஈப்போவிலும் சொல்லிவிட்டார்கள். மாரிமுத்து இனிப்போடு வந்தார். முகம் மட்டும் செத்துப்போயிருந்தது. கத்தி வைக்காமல் குணமானால் தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பதாக வேண்டியிருந்தாராம். சின்னக் காவடி இல்லை; மயிலிறகும் மணியுமாக, இரண்டு பேர் சேர்ந்து தோளில் ஏற்றிவிட வேண்டிய காவடி. டாக்டர் பாரம் தூக்காதே என்கிறார், முருகன் தூக்கு என்கிறார். “அவருக்கும் ஒரு எம்சி எழுதிக் குடுங்க மிஸி” என்றார், விளையாட்டுக்கு அல்ல. வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த புஷ்பம் சொன்னாள்: “முருகன் என்னா மண்டோரா, எம்சி பாக்குறதுக்கு? நகருங்க, நான் தூக்குறேன்.”

மாரிமுத்து இப்போதும் காலையும் மாலையும் அதே ரோட்டில் நடக்கிறார், காவடி எடுத்த புஷ்பத்தின் கையைப் பிடித்துக்கொண்டு. இந்த முறை எம்சி அவள் பெயரில்.