நைட் ஷிப்டும் பதினொரு கோழிகளும்

என் கணவருக்குத் தகரம் வெட்டும் ஷெட்டில் வேலை கிடைத்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது, பதினொரு கோழி, ஒரு சேவல். அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால் வயதை விட்டுவிட்டுக் கோழிகளைத்தான் முதலில் சொல்லியிருப்பேன். காக்களூர்ப் பக்கம் அப்போதுதான் ஷெட் ஷெட்டாக எழும்பிக்கொண்டிருந்தது. அதுவரை நாங்கள் இருவரும் நடவுக்கும் அறுப்புக்கும் கூலிக்குப் போனவர்கள். குடிசை இருந்த மனைகூட நிலத்துக்காரருடையது. இது என்னுடையது என்று நான் கை நீட்டிக் காட்ட முடிந்தது அந்தக் கோழிகளை மட்டும்தான். அம்மா வீட்டிலிருந்து ஒரே ஒரு கருப்புக் கோழியைக் கொண்டுவந்து, பருந்துக்கும் கீரிக்கும் கொடுத்தது போக மிச்சத்தைப் பெருக்கியவள் நான். அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

வேலை நைட் ஷிப்ட். காலை ஏழு மணிக்கு வந்து சைக்கிளைச் சாய்ப்பார், கஞ்சி குடிப்பார், இருந்த ஒரே அறையில் கயிற்றுக் கட்டிலில் விழுவார். அவர் கண்ணை மூடவும் சேவல் கூரைமேல் ஏறவும் சரியாக இருக்கும். சேவல் விடியலில் மட்டும் கூவும் என்று நினைப்பவர்கள் சேவல் வளர்க்காதவர்கள். அது பத்து மணிக்குக் கூவும், பன்னிரண்டுக்குக் கூவும், பக்கத்துத் தெருச் சேவல் கூவினால் பதில் சொல்லாமல் விடாது.

சேவலை அடித்துக் குழம்பு வைத்துவிட்டால் தீர்ந்தது. ஆனால் அது அம்மன் சேவல். அவருக்கு அந்த வேலை கிடைத்தால் வருகிற ஆடியில் இந்தச் சேவலைக் கொண்டுவந்து விடுகிறேன் என்று பெரியபாளையத்தம்மனுக்கு நேர்ந்து, அதன் காலில் மஞ்சள் துணி கட்டியிருந்தேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் "வருகிற ஆடியில்" என்று சொல்லித் தொலைத்தது நான்தான். வேலை கிடைத்தது சித்திரையில். நேர்ந்த சேவலை விற்கக் கூடாது, அறுக்கக் கூடாது, அடுத்த வீட்டில் கட்டவும் கூடாது. எங்கள் தெருவில் அதைச் சூவென்று விரட்டக்கூட ஒருவரும் துணியவில்லை. அதற்கும் அது தெரிந்துவிட்டதோ என்னவோ, நடக்கிற நடையே மாறிப்போனது. வேலை வாங்கிக் கொடுத்த சேவலே அந்த வேலைக்காரனைத் தூங்கவிடாமல் அடித்தது. அவர் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, என் பழைய புடவையைத் தலையோடு சுற்றிக்கொண்டு படுத்துப் பார்த்தார்.

ஆடி மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமையே சேவலைக் கொண்டுபோய் அம்மனிடம் விட்டுவிட்டு வந்தேன். திரும்பி வரும்போது பாரம் இறங்கின மாதிரி இருந்தது. இனிமேல் மனுஷன் நிம்மதியாகத் தூங்குவார் என்று பக்கத்து வீட்டில் எல்லாம் சொல்லிக்கொண்டேன்.

அவர் கண்ணின் சிவப்பு குறையவில்லை. மூன்று மாதமாகப் பழியெல்லாம் சேவல்மேல் போட்டுவிட்டு, நான் கவனிக்காமல் விட்ட ஒன்று இருந்தது. கோழிகள் முட்டையிடுகிற இரண்டு கூடைகளும் அவர் கட்டிலுக்கு அடியில்தான் இருந்தன. ஒன்று ஒன்றாக உள்ளே வரும், இடும், இட்டதை ஊருக்கே சொல்லிக் கொக்கரித்துக்கொண்டு வெளியே ஓடும். ஒன்று கொக்கரித்தால் வெளியே நிற்கிற பத்தும் சேர்ந்துகொள்ளும். எனக்கு அது பழகின சத்தம், காதிலேயே விழாது. கேட்டால் மனசுக்குக் குளிர்ச்சியாகக்கூட இருக்கும்.

கூடைகளை வெளியே வைத்தேன். கோழிகள் கூடையைத் தேடவில்லை, கட்டிலடியைத் தேடின. கதவைச் சாத்தினால் கதவைக் கொத்தின. பிறகு பதினொன்றையும் காலையிலேயே சவுக்குத் தோப்புக்கு ஓட்டிக்கொண்டு போய், கையில் குச்சியோடு மத்தியானம்வரை காவல் உட்கார்ந்தேன். கூலிக்குப் போவதையும் விட்டேன். ஏரி மதகுக்குப் போகிறவர்கள் எல்லாம் நின்று, "இன்னா, கோயிங்களுக்கு பள்ளிக்கூடம் வச்சிருக்கியா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். பத்து மணி ஆனால் முட்டை வந்த கோழி என் குச்சியையும் மதிக்காது, என்னையும் மதிக்காது. கழுத்தை நீட்டிக்கொண்டு வீட்டைப் பார்த்து ஓடும். நான் பின்னால் ஓடுவேன். நான் அந்தப் பக்கம் ஓடினால் இந்தப் பக்கம் இன்னொன்று கிளம்பிவிடும்.

இத்தனைக்கும் அவர் ஒரு நாளும் கோழிகளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதனால் நானும், அப்படி ஒன்றும் பெரிய தொந்தரவு இல்லை போலிருக்கிறது என்று எனக்கு வசதியாக நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் சாயங்காலம் அவரோடு வேலை செய்கிற ஆள் சைக்கிள் பம்பு கேட்டு வந்தார். என் வீட்டுக்காரர் ஏரியில் குளித்துக்கொண்டிருந்தார். பம்பை வாங்கிக்கொண்டும் அந்த ஆள் போகாமல் நின்றார்.

"அண்ணி, அண்ணன் பகல்ல தூங்குறதே இல்லியா?"

"ஏன் கேக்குற?"

"போன வாரம் மிஷினாண்ட நின்னுக்கினே தூங்கிட்டாரு. கை உள்ள இருக்குது, கத்தி எறங்குது. நான் புட்ச்சி இஸ்தேன். சட்டக்கைதான் போச்சு. இன்னொரு வாட்டி இப்டி ஆச்சின்னா வெளிய அனுப்சிடுவேன்னு மேஸ்திரி சொல்லிட்டாரு."

அந்தச் சட்டைக்கையைத் தைத்தது நான். முள்வேலியில் மாட்டிக்கொண்டது என்று சொல்லியிருந்தார். முள் கிழித்தால் பிசிறு இருக்கும். இது கத்தரியால் நறுக்கின மாதிரி நேராக இருந்தது. தைக்கும்போது பார்த்தேன். பார்த்துவிட்டு, கண்ணு தெரியாமல் வேலிக்குள் எதற்குப் போனாய் என்று அவரைத் திட்டவும் செய்தேன்.

குளித்துவிட்டு வந்தவரிடம் கேட்டேன்.

"ஏன்யா எங்கிட்ட சொல்லல?"

தலையைத் துவட்டிக்கொண்டே இருந்தார். "சொன்னா நீ கோயிங்கள தொலச்சிடுவ."

"ஆமா, தொலச்சிடுவேன்."

"எனுக்கு வேல குடுன்னு அம்மன்கிட்ட நின்னது நீ. ஒன்கிட்ட இருக்கறதே அந்த கோயிங்கதான். அதையும் குடுன்னு நான் எந்த வாயால கேக்கறது?"

எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. "கை போச்சின்னா கோயி வந்து சோறு ஊட்டுமா ஒனுக்கு?" என்று கத்தினேன். அவர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்புக்கப்புறம்தான் எனக்கு அழுகை வந்தது.

"எல்லாத்தையும் உடாத. ரெண்டு வச்சிக்க. கருப்பும் அந்த மொட்டக் கயுத்தும்" என்றார். அவருக்குக் கோழிகளை அடையாளம் தெரியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அடுத்த நாள் முழுக்க எந்த இரண்டு என்று யோசித்தேன். கருப்பு கிழடாகிவிட்டது, ஆனால் மற்றதெல்லாம் அது வழி வந்தது. மொட்டைக் கழுத்து எந்த முட்டையில் உட்கார வைத்தாலும் அடைகாத்துப் பொரிக்கும், வாத்து முட்டையைக்கூடப் பொரித்துக் கொடுத்தது. புள்ளிக்கோழி நான் முறத்தோடு உட்கார்ந்தால் மடியில் வந்து ஏறிக்கொள்ளும். இரண்டை எடுத்தால் ஒன்பதுக்கு முகம் காட்ட முடியாது. அதோடு இரண்டு கோழியும் கட்டிலடிக்குத்தான் வரும், இரண்டும் கொக்கரிக்கத்தான் செய்யும். இரண்டு என்று வைத்தால் அடுத்த வருஷம் இருபதாக்காமல் எனக்குக் கை நிற்காது. எனக்கு என்னைத் தெரியும். சாயங்காலம் அவரிடம், எல்லாமே போகட்டும் என்றேன்.

வியாபாரியிடம் கொடுத்தால் கழுத்தை அறுப்பான். பெரியபாளையம் தாண்டி இருக்கிற ஆரணிக்குப் பக்கத்தில் என் நாத்தனார் வீடு இருந்தது, சுற்றி வேலி, வாசலில் வைக்கோல்போர். அவர் லீவு நாளில் இரண்டு மூங்கில் கூடைகளில் பதினொன்றையும் வைத்து, மேலே வலை கட்டிப் பஸ்ஸில் ஏறினோம். கண்டக்டர் கூடைகளை மேலே போடச் சொன்னார். மாட்டேன் என்று மடியில் ஒன்றை வைத்துக்கொண்டேன். இன்னொன்றை அவர் வைத்துக்கொண்டார். பெரியபாளையம் வந்தபோது கூடையைப் பிடித்தபடியே அம்மனுக்கு ஒரு கும்பிடு போட்டேன்.

நாத்தனாருக்குச் சந்தோஷம். வலையை அவிழ்த்ததும் கோழிகள் மிரண்டு சிதறின. நான்கு கோழிகள் வைக்கோல்போருக்கு அடியில் நுழைந்தன, சில வேலிக்குள் போயின, கருப்பு எங்கே போனதென்றே தெரியவில்லை. நாத்தனார் நொய்யைத் தூவி விதவிதமாகக் கூப்பிட்டுப் பார்த்தாள். ஒன்றும் வெளியே வரவில்லை. வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. கடைசி பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று அவர் வாசலில் நின்றார்.

"அண்ணி, கீரி நடமாட்டம் இருக்குது. இன்னிக்கு கூடையில கவுத்து வச்சாதான் நாளிக்கு இருக்கும். நீ ஒரே ஒரு வாட்டி கூப்டு" என்றாள்.

எனக்குக் கூப்பிட மனசில்லை. பேசாமல் பஸ்ஸுக்குப் போய்விடலாம் என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன். பிறகு கீரியை நினைத்துக்கொண்டு வாசலில் குந்தி, நொய்யைக் கையில் வைத்துக்கொண்டு, தினமும் கூப்பிடுகிற மாதிரியே "பா... பா... பா..." என்றேன். முதலில் புள்ளி வந்தது. வைக்கோல்போருக்கு அடியிலிருந்து நான்கும் வந்தன. கருப்பு கடைசியாக, அது பாட்டுக்கு மெதுவாக நடந்து வந்து என் காலடியில் கொத்த ஆரம்பித்தது. எண்ணினேன், பதினொன்றும் இருந்தன. வீட்டுக்குக் கூட்டிப்போகத்தான் கூப்பிடுகிறேன் என்று நினைத்திருக்கும். அவை தின்றுகொண்டிருக்கும்போதே நாத்தனார் வீட்டுப் பெரிய கூடையை எடுத்து மேலே கவிழ்த்து, அதன்மேல் கல்லையும் நானே தூக்கி வைத்தேன்.