லீவிலை வந்த மாப்பிள்ளை

அச்சுவேலியிலை எங்கடை வீட்டுக்கு அந்தச் சம்பந்தம் வரேக்கை ஊரெல்லாம் ஆமிக்காரர் பிடிச்சுக்கொண்டு போற பயம். பெடியள் வெளிநாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாங்கள். மாப்பிள்ளை கிடைக்கிறதே பெரும்பாடு. கொக்குவில்காரர், அரபு நாட்டிலை உரத் தொழிற்சாலையிலை வேலை, லீவிலை வந்து நிக்கிறார் எண்டு தரகர் சொல்ல, அம்மாவுக்கு வாயெல்லாம் பல்லு. எனக்கெண்டால் அந்த லீவே பிடிபடேல்லை. ஆறேழு மாசமாய் ஆருக்கு லீவு குடுப்பினம்?

வெங்காயத் தோட்டக்காரரான அப்பாவுக்கு வேறை சந்தேகம். மாப்பிள்ளை கதிரையிலை இருந்து தேத்தண்ணி வாயிலை வைக்கேல்லை, விசாரணை துவங்கீட்டுது.

"எண்ணெய் விக்கிற நாட்டுக்கு உரம் என்னத்துக்கு, தம்பி?"

"எண்ணெய் ஒருநாளைக்கு முடிஞ்சுபோம் ஐயா. அதுக்கு முதல் வேறை தொழில் பிடிக்கவேணும் எண்டு அவைக்கு ஒரே யோசினை. முந்திச் சும்மா எரிச்ச வாயுவிலை இப்ப யூரியா செய்யினம். வெள்ளைக்காரன் கட்டிக் குடுத்த ஆலை, நாங்கள் ஓட்டுறம். வேலை பழக அந்த ஊர் ஆள் ஒருத்தனை எனக்குப் பக்கத்திலை விட்டிருக்கினம்."

அப்பா நிமிந்து இருந்தார். "அவன் பழகினாப் பிறகு நீர் என்ன செய்வீர்?"

கதவுச்சீலைக்குப் பின்னாலை நிண்ட நானும் காதை நீட்டினன். மாப்பிள்ளை சிரிச்சார்.

"எல்லாத்தையும் காட்ட எனக்கென்ன விசரே? ஆலை திடீரெண்டு நிண்டால் பெரிய மிசினைத் திரும்பக் கிளப்பிறதிலை ஒரு கைப்பக்குவம் இருக்கு. அந்த நேரம் மட்டும் ஏதாவது சாட்டுச் சொல்லி அவனை வெளியிலை அனுப்பிப்போடுவன்."

அப்பா தொடையிலை தட்டினார். "கெட்டிக்காரன்!" தோட்டத்திலை தண்ணி இறைக்கிற மண்ணெண்ணெய் மிசினைத் தன்னைத் தவிர ஒருத்தராலையும் கிளப்பேலாது எண்ட பெருமை அவருக்கும் இருந்தது. அம்மா நாள் பாக்கிற கதையே எடுத்திட்டா.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. ஒளிச்சு வைக்கிறவனை நம்பி என்னெண்டு சீவிக்கிறது? சீலையை விலக்கிக்கொண்டு வெளியிலை வந்து கேட்டன்: "உங்களுக்கு அதை ஆர் காட்டித் தந்தது?"

அவர் திடுக்கிட்டுப் போனார். "ஒருத்தரும் தரேல்லை. வெள்ளைக்காரனும் எங்களை வெளியிலை போகச் சொல்லுறவன். கதவுக் கண்ணாடிக்குள்ளாலை பாத்துப் பாத்துப் பிடிச்சனான்."

"அப்ப அந்த ஊர் ஆளுக்குக் கண் இல்லையோ?"

"உதென்ன கதை, பிள்ளை! உள்ளுக்குப் போ!" அப்பா சீறினார்.

நான் அசையேல்லை. மாப்பிள்ளை கோப்பையைக் கீழை வைச்சார். பிறகு என்னைப் பாத்துச் சொன்னார்: "ஓம், அவனும் பிடிச்சிட்டான். நான் இல்லாத நேரம் மிசின் நிண்டது, அவனே கிளப்பினவன். அதுக்குப் பிறகுதான் எனக்கு இந்த லீவு."

தரகர் குடையை எடுத்தார். அப்பாவின்ரை முகம் கறுத்துப்போச்சு. "அப்ப சரி, தம்பி, யோசிச்சுச் சொல்லுறம்" எண்டார். மாப்பிள்ளையும் எழும்பீட்டார்.

கடவுளாணை, அந்த மனுசன் அண்டைக்குச் சொன்னதுகளிலை நான் நம்பினது அந்தக் கடைசிக் கதையை மட்டுந்தான். சம்பந்தம் முடிவாகாத வீட்டிலை மாப்பிள்ளைப் பகுதி கை நனைக்கிறேல்லை எண்டு எங்கடை ஆக்கள் எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

"இருங்கோ," எண்டன். "சாப்பிட்டுப்போட்டுப் போங்கோ."