பட்லரின் சாவி

என் அரைஞாண் கயிற்றில் ஒரு பித்தளைச் சாவி தொங்குகிறது. சுண்டுவிரல் நீளம்கூட இருக்காது. பல் மழுங்கி, பித்தளையின் மஞ்சள் போய்க் கறுத்துவிட்டது. குளிக்கும்போதும் அதைக் கழற்றுவதில்லை. "அந்தாளோட சாவியை இன்னும் இடுப்புல கட்டிக்கிட்டுத் திரியறீங்களே, தூக்கிக் கெணத்துல போடுங்க" என்று என் வீட்டுக்காரி எத்தனையோ முறை சொல்லிவிட்டாள். அவள் சொல்வதில் தப்பில்லை. ஒரு காலத்தில் இது வேறொருவர் இடுப்பில் தொங்கிய சாவி. அவர் இறந்துவிட்டார் என்று செய்தி வந்தபோது நான் கடையில் ரொட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். கேட்டுக்கொண்டே மீதியையும் அடுக்கி முடித்தேன். இறந்தவர்களைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதுவதுதான் மரியாதை என்பார்கள். அவருக்கு அந்த மரியாதையைச் செய்யும் உத்தேசம் எனக்கு இல்லை. அவரை 'அவர்' என்று எழுதுவதுகூடப் பழக்க தோஷம்தான்.

சேலத்தில் அஸ்தம்பட்டிப் பக்கம் ஒரு துரை பங்களா. அங்கே அவர் பட்லர், நான் அவருக்குக் கீழே குசினியில் இரண்டாவது ஆள். மேட்டி என்பார்கள். அவர் பெங்களூர் தண்டில், வெள்ளைக்காரப் பட்டாளத்துக் குடியிருப்பில் வளர்ந்து, வெள்ளைக்காரர் வீடுகளிலேயே தொழில் கற்றவர். நான் நாமகிரிப்பேட்டைக்காரன். மூன்று வருடம் மழை பொய்த்து, காட்டில் விதைத்த விதைகூடத் திரும்பாமல் போனபோது, இருபத்திரண்டு வயதில் கல்யாணமான கையோடு சேலத்துக்குப் பிழைக்க வந்தவன். முதல் நாள் காலையில் பால் பொங்கி வழியப் போகிறதே என்று, "பால் பொங்குதுங்க" என்றேன். கரண்டிக் காம்பால் முழங்கையில் ஒரு அடி விழுந்தது. "கேட்டா மட்டும் வாயைத் திற. கேக்காம பேசினா இங்க வேலை இல்லை" என்றார். அதற்குள் பால் பொங்கி அடுப்பை அணைத்துவிட்டது. அதற்கும் என்னைத்தான் துரைசானியிடம் சொன்னார்.

அந்தப் பங்களாவில் பண்டிகை என்றால் மேசையில் உருண்டை ரொட்டி இருக்க வேண்டும். பட்லர் அதை 'டின்னர் ரோல்' என்பார். எலுமிச்சம்பழத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக, மேலே பொன்னிறமாக, பிய்த்தால் உள்ளே பஞ்சாக, ஆவி பறக்கப் போக வேண்டும். மாவு பிசைவது நான். அதை உருட்டித் தட்டில் ஒட்டி ஒட்டி அடுக்குவது நான். செங்கல் அடுப்பில் விறகெரித்து, தணலை வாரி வெளியே தள்ளி, உள்ளே கை நீட்டிச் சூடு பார்ப்பதும் நான்தான். என் வலது கையில் முடி முளைக்காத இடம் இன்றும் இருக்கிறது. பட்லரின் வேலை ஒன்றே ஒன்று. மாவைப் பொங்க வைக்கும் 'மருந்து' ஒரு ஜாடியில் அலமாரிக்குள் இருக்கும். அலமாரிக்குப் பூட்டு, பூட்டுக்கு இந்தச் சாவி. அலமாரியைத் திறக்கும் முன் என்னைப் பார்த்து, "செவுத்தைப் பாரு" என்பார். நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்க வேண்டும். ஜாடி மூடும் சத்தம் கேட்ட பிறகுதான் திரும்பலாம்.

கண்ணைத் திருப்பச் சொன்னவர் மூக்கை மறந்துவிட்டார். எங்கள் காட்டு வரப்பு நெடுகப் பனைமரம். ஜாடியின் மூடி திறந்த முதல் நாளே எனக்குத் தெரிந்துவிட்டது, அந்த மகா ரகசியம் கள் என்று. அயோத்தியாப்பட்டணத்துப் பக்கமிருந்து ஒரு ஆள் சாயங்காலம் கொண்டுவந்து பின்வாசலில் கொடுத்துவிட்டுப் போவான். அதற்குத்தான் இத்தனை பூட்டு, இத்தனை பவிசு. ரொட்டி நன்றாக வந்த நாளில் துரைசானி, "பட்லர், இது எப்படிச் செய்வது?" என்று கேட்பாள். அவர் இடுப்பைத் தொட்டுக் காட்டி, "இந்தச் சாவி என் உடம்பை விட்டு எறங்காதும்மா. மருந்துல என் கையைத் தவிர வேற கை படாது" என்பார். ரொட்டி காந்திப்போன நாளில் மட்டும் அது என் கை.

இதெல்லாம் எந்தக் குசினியிலும் நடப்பதுதான், நானும் சகித்துக்கொண்டிருந்தேன். சகிக்க முடியாதது ஐந்தாம் வருடம் நடந்தது. துரையின் பிறந்தநாள் விருந்து. மத்தியானம் என் மச்சான் ஊரிலிருந்து வந்திருக்கிறான், எங்கள் அய்யனுக்கு மூச்சு வாங்குகிறது, உடனே கூட்டி வரச் சொன்னார்கள் என்று. பட்லர் அவனைக் கேட்டுக்கு வெளியே புளியமரத்தடியில் உட்கார வைத்துவிட்டார். உள்ளே வந்து என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் மாவு உருட்டினேன், கோழி அறுத்தேன், தட்டுக் கழுவினேன். விளக்கு வைத்து, விருந்து முடிந்து, கடைசிக் கரண்டியையும் துடைத்து வைத்த பிறகு, "வெளிய உன் ஆளு காத்திருக்கான்" என்றார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மயானத்தில் புகைதான் இருந்தது. மூத்த மகன் நான் இருக்க, சித்தப்பா மகன் கொள்ளி வைத்திருந்தான். திரும்பி வந்து அவர் முன்னால் நின்று, "ஏனுங்க, மத்தியானமே சொல்லியிருக்கலாமுங்களே" என்று கேட்டேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டே பதில் சொன்னார்: "நீ கேட்டியா? கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

அன்றே கணக்குத் தீர்த்துக்கொண்டு கிளம்பியிருக்க வேண்டும். கிளம்பவில்லை. கைக்குழந்தை இருந்தது, ஊரில் காடு காய்ந்து கிடந்தது. அது ஒரு காரணம். இன்னொரு காரணம், அவரை விட்டுப் போக எனக்கு மனசில்லை. பிரியமானவர்கள் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்று தோன்றுவதுபோல், வெறுப்பவர்கள் பக்கத்திலும் இருக்கத் தோன்றும். அதை அந்த வருடம்தான் தெரிந்துகொண்டேன்.

ஆறாம் வருடம் எங்கள் ஜில்லாவில் மதுவிலக்கு வந்தது. கள்ளுக்கடைகள் மூடின. துரையோ சர்க்கார் உத்தியோகஸ்தர், அவர் பங்களாவுக்குள்ளேயே கள் வருகிறதென்று வெளியே தெரிந்தால் பட்லர் கம்பி எண்ண வேண்டியதுதான். ஆனாலும் அந்த ஆள் திருட்டுத்தனமாகக் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருந்தான். ஈஸ்டருக்கு நாலு நாள் முன்பு அவனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டது. அந்த ஈஸ்டர் விருந்து சாதாரண விருந்தும் இல்லை. எங்கள் துரை வேலை முடிந்து சீமைக்குப் போகிறார், அவர் இடத்துக்கு வரும் புதுத்துரைதான் விருந்தாளி. சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, குசினியில் யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது என்று அவர் முடிவு செய்வார். "உனக்குச் சீட்டுக் கிழிஞ்சுதுடா. நான் ஒரு வார்த்தை சொன்னாப் போதும்" என்று பட்லர் என்னிடம் முன்கூட்டியே சொல்லியும்விட்டார். அவர் அந்த வார்த்தையைச் சொன்னால் நானும் பெண்டாட்டியும் பிள்ளையும் தெருவில்தான்.

சனிக்கிழமை காலையில் அவரே வெளியே போனார். ஏற்காடு ரோட்டில் மரமேறி ஒருவரிடம் ஒரு கலயம் பதநீர் வாங்கிக்கொண்டு வந்தார். பதநீருக்குத் தடையில்லை, வெளிப்படையாகவே விற்றார்கள். விரலில் தொட்டு நக்கிப் பார்த்துவிட்டு, "வெயில்ல வெச்சா சாயங்காலத்துக்குள்ள புளிச்சுக் கள்ளாயிடும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நான் கலயத்தின் வாயை எட்டிப் பார்த்தேன். உள்விளிம்பு நெடுக வெள்ளை வெளேரென்று சுண்ணாம்பு. எங்கள் பக்கத்தில் ஆடு மேய்க்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும், கலயத்தில் சுண்ணாம்பு தடவாமல் கட்டினால் கள், தடவிக் கட்டினால் பதநீர். புளிக்கக் கூடாது என்பதற்காகவே தடவுவது. அதிலும் இந்தக் கலயத்தில் தாராளமாகவே தடவியிருந்தார்கள். இதை ஊற்றினால் மாவு பொங்காது. தண்டில் வளர்ந்த மனிதருக்கு மரத்துக்கும் கலயத்துக்கும் நடுவில் நடப்பது தெரிந்திருக்கவில்லை.

என் நாக்கு நுனிவரை வந்தது, அதை மறைக்கமாட்டேன். சொல்லிவிட்டால் அவர் பிழைப்பார். சொல்லாவிட்டால் ரொட்டி கெடும், கெட்டால் பழி வழக்கம்போல் என் தலையில் விழும், முதலில் வெளியே போவது நானாகவும் இருக்கலாம். என்ன செய்வதென்று நான் முடிவெடுப்பதற்குள், நான் கலயத்தைப் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார். "செவுத்தைப் பாரு" என்றார். நான் திரும்பிச் சுவரைப் பார்த்தேன். அந்தச் சுவரில் அய்யனின் முகம் தெரிந்தது என்று எழுதினால் அழகாக இருக்கும். கரிப்புகைதான் தெரிந்தது. ஆனால் அந்த நிமிஷம் என் வயிற்றுக்குள் பரவிய குளிர்ச்சியை, கோடைமழை கண்ட எந்தக் காடும் அனுபவித்திருக்காது.

சாயங்காலம் அவர் ஊற்ற ஊற்ற நான் பிசைந்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு அக்கறையாக மாவு பிசைந்ததில்லை. ஞாயிறு விடிந்து ஈரத்துணியை விலக்கினால், வைத்த மாவு வைத்த உயரத்திலேயே இருந்தது. சுண்ணாம்பு பட்டு நிறம் மட்டும் லேசாக மஞ்சள் தட்டியிருந்தது. பட்லர் அதைக் குத்தினார், சர்க்கரை போட்டார், அடுப்புப் பக்கத்தில் நகர்த்தி வைத்தார், வெயிலில் வைத்தார். ஊருக்குள் ரொட்டிக் கடைகளிலும் கள்ளில்லாமல் அதே கதைதான். பத்து மணிக்குமேல் வேறு வழியில்லாமல், "உருட்டு" என்றார். உருட்டினேன். வெந்து வந்ததைத் தட்டோடு பலகையில் வைத்தபோது கூழாங்கல்லைக் கொட்டியதுபோல் சத்தம் கேட்டது. அவர் முகத்தை அன்றைக்குத்தான் ஆசைதீரப் பார்த்தேன்.

மேசைக்குப் போன தட்டு கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தது. கூடவே துரைசானியும் வந்தாள். ஆறு வருடத்தில் அவள் குசினி வாசற்படி மிதித்தது அன்றுதான். புதுத்துரை ஒரு உருண்டையைப் பிய்க்கப் பார்த்து, முடியாமல், மேசையில் தட்டிச் சிரித்துவிட்டார் என்பது பின்னால் பரிமாறுகிறவன் சொல்லித் தெரிந்தது. அவள் காது சிவந்திருந்தது. அவள் வாயைத் திறக்கும் முன் பட்லர் என்னைக் கை காட்டினார். "இவன்தாம்மா கெடுத்துட்டான். மருந்துல கையை வெச்சுட்டான்." நான் வாயைத் திறக்கவில்லை. என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லையே. துரைசானி என்னைப் பார்த்தாள், அலமாரியைப் பார்த்தாள், பூட்டைப் பார்த்தாள். பிறகு தன் கொச்சைத் தமிழில் நிதானமாகக் கேட்டாள்: "சாவி யார்கிட்டே?"

சாவி அவர் இடுப்பில் தொங்கிக்கொண்டிருந்தது. ஆறு வருடமாக அவரே தொட்டுத் தொட்டுக் காட்டிய சாவி. என்ன மருந்து போட்டாய் என்று அவள் அடுத்துக் கேட்டதற்கும் அவரால் பதில் சொல்ல முடியவில்லை. பதநீர் என்றால் அதற்கு முன்னால் இத்தனை நாள் என்ன போட்டாய் என்ற கேள்வி வரும், கள் என்று சொன்னால் ஜெயில். கரண்டிக் காம்பால் என் வாயை அடைத்து வைத்தவர், தன் வாய் அடைத்துப்போய் நின்றார். செவ்வாய்க்கிழமை அவரைத் தகரப் பெட்டியோடு வெளியே போகச் சொல்லிவிட்டார்கள். புதுத்துரை என்னை வைத்துக்கொண்டார்.

கேட்வரை நான்தான் அவர் பெட்டியைச் சுமந்துகொண்டு போனேன். புளியமரத்தடியில், என் மச்சான் உட்கார்ந்திருந்த அதே இடத்தில் நின்றார். கழுவும்போது கலயத்தின் அடியில் சுண்ணாம்பைப் பார்த்துவிட்டுத் தோட்டக்காரனிடம் விசாரித்திருக்கிறார் போலிருக்கிறது. "சுண்ணாம்பு விஷயம் உனக்குத் தெரியுமாடா?" என்றார்.

"தெரியுமுங்க."

"அப்புறம் ஏன்டா சொல்லல?"

"நீங்க கேக்கலீங்களே."

திட்டுவார் என்று நினைத்தேன். என்னை ஒரு நிமிஷம் ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, தன் சாமானில் ஒன்று தொலைந்துபோய்க் கிடைத்தவர்போல் முகம் மலர்ந்தது. இடுப்பிலிருந்து சாவியை அறுத்து என் காலடியில் எறிந்தார். "வெச்சுக்க. நீ நல்லா வருவே. என்னை மாதிரியே வருவே" என்றார். ஜட்கா ஏறிப் போய்விட்டார். அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை, பார்க்கவும் விரும்பவில்லை. வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னபோது, பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரி கை நின்றது. "அவரு சொன்னது நல்ல வார்த்தையில்லீங்க" என்று மட்டும் சொன்னாள்.

அந்தப் பங்களா இப்போது இல்லை, அந்த அலமாரியும் இல்லை. புதுத்துரை வீட்டில் தகர டப்பாவில் ஈஸ்ட் வந்தது, அதில் தொழில் கற்றேன். பிறகு சேலத்திலேயே சொந்தமாக ரொட்டிக் கடை வைத்தேன். என் உருண்டை ரொட்டிக்கு இன்றைக்கும் ஈஸ்டருக்கு முதல் நாளே ஆள் நிற்கிறது. ஈஸ்ட் எவ்வளவு, எந்தச் சூட்டுத் தண்ணீர், எத்தனை நேரம் என்பது என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. கடை தொடங்கிய வருடம் பூட்டுக்காரரிடம் இந்தச் சாவியைக் கொடுத்து, இதற்குப் பொருந்துகிற மாதிரி ஒரு பூட்டுச் செய்து தரச் சொன்னேன். சாவிக்குப் பூட்டுச் செய்யச் சொன்ன முதல் ஆள் நீங்கள்தான் என்று அவர் சிரித்தார்.

என்னிடம் ஆறு பேர் வேலை செய்கிறார்கள். நல்ல வேலைக்காரர்கள், கேட்டாலொழியப் பேசமாட்டார்கள். தினமும் காலையில் அலமாரி முன்னால் நின்று சாவியை எடுக்கும்போது, "செவுத்தைப் பாருங்கப்பா" என்கிறேன். ஆறு பேரும் திரும்பிக்கொள்கிறார்கள். முகம் தெரிவதில்லை, ஆறு முதுகுகள்தான் தெரிகின்றன. அதில் எந்த முதுகு, அன்றைக்கு என் முதுகு நின்றதுபோல், பொறுத்துக்கொண்டு நிற்கிறது என்று பார்த்துக்கொண்டே பூட்டைத் திறக்கிறேன். அதை அவர்களிடம் கேட்க ஒரு நாளும் எனக்கு வாய் வந்ததில்லை.