சம்பந்தி மாமியின் கோணல் ஜாடி

வெள்ளிக்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டு வியாழக்கிழமை காலையிலேயே போய்விட்டால் என்ன செய்வது? கரமனையிலிருந்து என் மகள் போன் செய்து, "அம்மா, மாமி போய்ட்டா" என்றபோது எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம்தான். மகளின் மாமியார், என் சம்பந்தி கோமதி மாமி, வருகிறேன் என்று சொல்லி வராமல் இருந்தது இது ஒரு தடவைதான்.

மாமியை நினைத்து இங்கே கூடியிருக்கும் உங்களுக்கெல்லாம் அவர் குணம் தெரியும். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ரிட்டயர் ஆனதும் களிமண் வேலை கற்றுக்கொள்ளப் போனார். முதல்முதலாகச் சூளையிலிருந்து வந்ததை ஸ்ரீவராகத்தில் எங்கள் வீட்டுக்குத்தான் கொண்டுவந்தார். நீலமும் பச்சையுமாக நல்ல மெருகு. ஆனால் கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்து, பக்கத்து வீட்டுப் பேச்சை ஒட்டுக்கேட்பது போல நிற்கும்.

"நல்ல ஜாடி மாமி" என்றேன்.

"ஜாடி இல்லை மாமி, ஃப்ளவர் வாஸ். அலங்காரத்துக்காக்கும்."

"வாயும் வயிறும் இருந்தா எனக்கு ஜாடிதான்."

சில மாதங்களில் மாமிக்குக் கை தேறியது. தொந்தரவும் தொடங்கியது. நேரான ஒன்றைச் செய்து எடுத்துக்கொண்டு, கிழக்கேகோட்டையில் பஸ் மாறி வந்து நின்றார். "இதை வெச்சுக்கோங்கோ. அந்தக் கோணலைத் தாங்கோ, உடைச்சுக் களையறேன்."

அவர் வீட்டில் கோணலாக வந்த ஒன்றுகூடத் தங்காது. கொல்லையில் சுத்தியலோடு நிற்பார். "கோணலைத் தினம் பார்த்தா கண்ணு அதையே நேர்னு நம்பிடும்" என்பார். என் தோசையின் வட்டத்தையும் அதே கண்ணால்தான் பார்ப்பார்.

நான் தரவில்லை. மாமியாரிடம் இப்படியா பேசுவது என்று மகள் கண்ணைக் காட்டினாள். "பொண்ணையே கொடுத்தாச்சு, ஜாடியையும் கொடுக்கணுமாக்கும்?" என்றேன். மாமி சிரித்துவிட்டார். ஆனால் விட்டாரா? தீபாவளிக்குக் கேட்டார். பேத்தியின் பிறந்தநாளுக்குக் கேட்டார். என் முழங்கால் வலியை விசாரிக்க வந்த அன்றும் கேட்டார். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். கணக்கு டீச்சரிடம் அசையாமல் நின்றது இந்த ஒன்றில்தான்.

ஒருநாள் பூவை எடுத்துப் பார்த்துவிட்டார். ஜாடி கசியும். அதனால் உள்ளே ஒரு சின்ன எவர்சில்வர் டம்ளரை இறக்கி, அதில் தண்ணீர் விட்டு நந்தியாவட்டை வைத்திருந்தேன்.

"கசியறதா? இத்தனை நாளா எங்கிட்ட சொல்லலையே!"

"சொன்னா எடுத்துண்டு போயிடுவேளே."

"கோணலும் ஓட்டையும்! இதை வெச்சுண்டு ஏன் கஷ்டப்படறேள்?"

"பெத்த பிள்ளைக்குக் கொடுக்காம, முதல்ல பண்ணினதை எனக்கில்லையா கொண்டுவந்தேள்?"

"சாரமில்லை, போகட்டும். அடுத்த தடவை பார்க்கலாம்" என்று கணக்கு டீச்சர் குடையை எடுத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதாவது வேறு பேச்சு பேசக்கூடாதா? "எனக்கப்புறம் என் பேர்ல அது நிக்கப்படாது. நீங்களே உடைச்சுடுங்கோ" என்றார்.

"என்னால முடியாது. வேணும்னா நீங்க வந்து உடைச்சுக்கோங்கோ. சுத்தியலும் உங்காத்துலேர்ந்தே கொண்டு வாங்கோ."

"வெள்ளிக்கிழமை டிஸ்சார்ஜ். நேரே அங்கதான் வரேன். அந்த ஜாடியைத் துடைச்சு வையுங்கோ."

ஜாடி! இத்தனை வருஷச் சண்டையில் முதல் தடவையாக அவர் வாயால் ஜாடி என்றார். உடனே பிடித்திருக்கலாம். வெள்ளிக்கிழமை வரட்டும், காபியைக் கையில் கொடுத்துவிட்டுச் சொல்லிக்காட்டலாம் என்று வைத்திருந்தேன். இப்போது அதை யாரிடம் போய்ச் சொல்ல?

உங்கள் வீடுகளில் மாமி செய்தவை எல்லாம் நேராக நிற்கின்றன. அவை அவர் மனமொப்பிக் கொடுத்தவை. கடைசியாகச் சொன்னதை மீறலாமா என்று மகள் கேட்கிறாள். நான் எதை மீறினேன்? வந்து உடைப்பதாகச் சொன்னது அவர். துடைத்து வைக்கச் சொன்னார், துடைத்து வைத்திருக்கிறேன். கோணல் கழுத்தும் கசிகிற வயிறுமாக, உள்ளே டம்ளரோடு, அது என்னிடம்தான் இருக்கும். வேண்டுமானால் மாமி வந்து கேட்கட்டும்.