என் சாட்சியில் விடுபட்ட மாத்திரைகள்

இதை எழுத வேண்டும் என்று நினைத்தே சில வருடங்கள் ஓடிவிட்டன. ஜெபத்தைக் குறை சொல்கிறேன் என்று ஊரில் நினைப்பார்களோ, வீட்டில் ஒருத்தி மனம் நோவாளோ என்று ஒவ்வொரு முறையும் நிறுத்திவிட்டேன். பத்தாவது வரை படித்தவள் நான். காசநோய்க்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கும் ஒருவர் கண்ணில் இது பட்டால் போதும்.

எனக்கு முதலில் வந்தது இருமல் அல்ல, சாயங்காலக் காய்ச்சல். எங்கள் ஆவூர் மாதா கோவிலில் ஜெபமாலை முடிந்து எழும்போது உடம்பு அனலாகக் கொதிக்கும். பிறகு இருமல் வந்தது. ரவிக்கைகள் தொளதொளத்தன. சளிப் பரிசோதனையில் காசநோய் (கிருமி நுரையீரலை அரிக்கும் நோய்) என்று தெரிந்தது.

"ஆறு மாசம் மாத்திரை. நடுவுல விடவே கூடாது" என்றார் டாக்டரம்மா.

வீட்டில் நூலகப் புத்தகம் ஒன்று இருந்தது. நான் கேட்ட முதல் கேள்வியே அதைப் பற்றித்தான். "அதத் திருப்பிக் குடுக்கலாமாங்க?"

அவர் சிரித்துவிட்டார். "புத்தகத்துல ஒட்டாதும்மா. இருமும்போது வாயப் பொத்திக்கங்க."

இருந்தாலும் என் கணவர்தான் கொண்டுபோய்க் கொடுத்தார். விஷயம் கேட்ட நூலகர், மாவட்டத்தின் பல நூலகங்களுடைய வாசகர்கள் சேர்ந்திருந்த வாட்ஸ்அப் குழுவில் என்னைச் சேர்த்துவிட்டார். தனித் தட்டோடு தனி அறையில் கிடந்த எனக்கு மனிதக் குரல் அங்கேதான் கிடைத்தது.

அந்தக் குரல் மீமிசல் சபியாவுடையது. அவள் கணவர் வளைகுடாவில் இருந்தார். ஊர் நூலகத்தில் எடுத்த கதைகளைச் சமைக்கும்போதே வாசித்துக் குரல் பதிவாக அனுப்புவாள். பார்வை மங்கியவர்களும் என்னைப் போலப் படுத்துக் கிடப்பவர்களும் கேட்போம். குக்கரில் மூன்றாவது விசில் வந்தால் கதை நின்றுவிடும்.

"கொலகாரன் யாருன்னு சொல்லிட்டு அடுப்ப அணைச்சா என்னடி?" என்று ஒருநாள் போனில் கேட்டேன்.

"கொலகாரன் நாளைக்கும் இருப்பான்க்கா. சோறு கொழைஞ்சிரும்ல."

கொஞ்ச நாளில், வரிகளுக்கு நடுவே ஒரு சின்ன இருமல் கேட்க ஆரம்பித்தது. அது போகவே இல்லை. எனக்கு அந்த இருமலைத் தெரியும்.

"சளிய டெஸ்ட் பண்ணு சபியா."

"தாளிச்ச நெடிக்கா."

"நானும் அப்புடித்தான் சொல்லிக்கிட்டிருந்தேன்."

போனாள். அதே நோய். நாங்கள் நேரில் பார்த்ததே இல்லை, என்னிடமிருந்து தொற்றவில்லை. சீக்கிரம் தெரிந்ததே என்று அவள் அல்லாவுக்கும் நான் மாதாவுக்கும் நன்றி சொன்னோம்.

என் ஆறு மாதம் நல்லபடியாக முடிந்தது. எங்கள் ஜெபக்கூட்டத்தில் சுகமானவர்கள் சாட்சி சொல்வது வழக்கம். நான் எழுதிக் கொடுத்தேன். இரண்டாம் மாதமே ஆண்டவர் கிருபையால் இருமல் நின்றது. ஆனாலும் கிருமி உள்ளே தூங்கும் என்று டாக்டரம்மா சொன்னதால் கடைசி மாத்திரை வரை சாப்பிட்டேன் என்று எழுதியிருந்தேன். என் நாத்தனார் ரோஸ்லின் அதைப் போனில் தட்டச்சு செய்து பல குழுக்களுக்கு அனுப்பினாள். அது கைமாறிக் கைமாறி என்னைத் தவிர எல்லோருக்கும் போயிருக்கிறது.

சபியாவை முதன்முதலாக நேரில் பார்த்தது மருத்துவமனைத் தாழ்வாரத்தில். அவளுக்கு நோய் திரும்பி வந்திருந்தது. முகக்கவசத்துக்கு மேலே கண் மட்டும் தெரிந்தது.

"நீங்க இம்புட்டுக் குட்டையாக்கா? கொரலக் கேட்டு நெட்டையா நெனச்சிருந்தேன்."

சிரித்தாள். அந்தச் சிரிப்பை முடிக்க அவளுக்கு மூச்சில்லை. பிறகு போனைக் காட்டினாள். 'இரண்டே மாதத்தில் இருமல் நின்றது. ஆண்டவர் குணமாக்கினார். ஆமென்.' கீழே என் பெயர், ஊர்.

"மாத்திர போட்டா கொமட்டிக்கிட்டே கெடந்துச்சு. எனக்கும் இருமல் நின்னுருச்சு. அக்காவே எழுதியிருக்காங்களேன்னு மாத்திரைய விட்டுட்டேன்."

அவள் நடுவில் நிறுத்தியதால் கிருமி மருந்துக்கு அடங்காததாகிவிட்டது (பழைய மாத்திரைகள் வேலை செய்யாத நிலை) என்றார் அங்கிருந்த மருத்துவர். வேறு மருந்துகள், இன்னும் நீண்ட காலம். "நோய் போயிரும்மா. நுரையீரல்ல தழும்பு நிக்கும். பழைய மூச்சு முழுசா வராது."

வீட்டுக்கு வந்து ரோஸ்லினிடம் கேட்டேன்.

"நீளமா இருந்தா யாரு மதினி படிக்கிறா? ஆண்டவருக்கு மகிமையான எடத்த மட்டும் வச்சுக்கிட்டேன்" என்றவள், நடந்ததைக் கேட்டதும் முந்தானையில் முகத்தைப் பொத்திக்கொண்டாள். அவள் மனதில் கள்ளம் இல்லை.

"மாத்திரையும் அவர் குடுத்ததுதானே ரோஸ்லின்" என்றேன்.

சபியாவின் சளியில் இப்போது கிருமி இல்லை. ஒருமுறை வாசிக்க முயன்றாள். ஒரு பத்தி தாண்டவில்லை. "விசிலுக்கு முன்னாடி நானே நின்னு போறேன்க்கா" என்று அனுப்பினாள்.

இப்போது குழுவில் நான் வாசிக்கிறேன். ஒரு வரியைச் சொல்ல இவ்வளவு காற்று வேண்டும் என்று முன்பு தெரியாது. கோவில் மணியை வைத்து நாளைக் கணக்கிட்டவள், இன்று மூச்சுக்கு மூச்சு கணக்கிடுகிறேன். நீண்ட வாக்கியம் வந்தால் நடுவில் நிறுத்துகிறேன். மீமிசலில் கேட்டுக்கொண்டிருப்பவளும் அங்கே ஒரு மூச்சு வாங்கட்டும் என்றுதான்.

இதை யாருக்கு வேண்டுமானாலும் அனுப்புங்கள். நீளம் என்று தோன்றினால் அனுப்பாமலே விட்டுவிடுங்கள். ஜெபம் உள்ள வரியையும் எடுக்காதீர்கள், மாத்திரை உள்ள வரியையும் எடுக்காதீர்கள். என் பெயரை நம்பி இனி ஒருத்தி மூச்சை இழக்க வேண்டாம்.