ஒன்னும் ஒன்னுக்கும்

எனக்குப் பிறந்தது ஒரே பிள்ளை. ஆனாலும் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் அவளை இன்றைக்கும் "ரெட்டைப் புள்ள" என்றுதான் கூப்பிடுவார்கள். காரணம் ஒரு சின்ன 'க்கு'.

ஆஸ்பத்திரியில் மகள் பிறந்த அன்றைக்கு எனக்குச் சிறுநீர் போகவில்லை. பிரசவத்துக்குப் பிறகு சிலருக்கு அப்படி அடைத்துக்கொள்ளுமாம். குழாய் வைத்து எடுத்தார்கள். பிள்ளை பெற்ற வலி மறந்துவிட்டது, அந்தக் குழாய் மறக்கவில்லை. மறுநாள் காலையில் அதைக் கழற்றிவிட்டு, இனி தானாகப் போக வேண்டும் என்றார்கள். போன பிறகும் உள்ளே நிறைய நின்றால் மறுபடி குழாய்தான், வீட்டுக்கு விட மாட்டார்கள்.

எவ்வளவு நிற்கிறது என்று பார்க்க, கையில் தூக்கி வருகிற சின்ன ஸ்கேன் மெஷின் ஒன்று வார்டுக்குப் புதிதாக வந்திருந்தது. அடிவயிற்றில் குளிரான பசையைத் தடவி, சோப்புக்கட்டி போல ஒன்றை வைத்து அழுத்தினால் அளவு தெரிந்துவிடும். நர்ஸ் மிஸ்ஸி கினிகத்தேனைப் பக்கத்துச் சிங்களப் பெண். எங்களிடம் தமிழில்தான் பேசுவேன் என்று பிடிவாதம். பகலில் ஆள் பார்க்கிற நேரம், திரைக்கு அந்தப் பக்கம் என் மாமியார் நிற்க, மிஸ்ஸி அழுத்திப் பார்த்துவிட்டுச் சத்தமாகச் சொன்னார்: "இன்னும் உள்ளே ஒன்னு இருக்கு."

ஒன்னுக்கு என்று சொல்ல வந்தவர் 'க்கு'வை விட்டுவிட்டார். மாமியாருக்குத் தெரிந்த ஸ்கேன், பிள்ளை பார்க்கிற ஸ்கேன் மட்டும். திரையைக்கூட விலக்காமல், லயத்தில் சொல்ல டிக்கோயா பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டார்.

எனக்கு இது எதுவும் தெரியாது. சாயங்காலம் வரை தவணை கொடுத்திருந்தார்கள், நான் கக்கூஸே கதி என்று கிடந்தேன். வார்டே எனக்காகப் பாடுபட்டது. அட்டென்டன்ட் அம்மா பைப்பைத் திறந்துவிட்டார். பக்கத்துக் கட்டில் பெண் கதவுக்கு வெளியே நின்று, கைப்பிள்ளைக்குச் சொல்லுகிற மாதிரி "ஸ்ஸ்ஸ்" என்றாள். வரவிருந்ததும் வெட்கத்தில் நின்றுபோனது. ஆத்திரம் பொறுக்காமல் எல்லோரையும் போய்த் தொலையச் சொல்லிக் கத்தினேன். கத்தின வேகத்தில் வந்துவிட்டது.

சாயங்காலம் என்னைப் பார்க்கப் பாதி லயமே வந்து நின்றது. மாமியார் கையில் ரெண்டாவது தொட்டிலுக்கு ஒரு பழைய சேலை. என் வீட்டுக்காரர் பஸ்ஸில் வரும்போதே, ரெண்டு கையிலும் பிள்ளை தூக்குவது எப்படி என்று ஒத்திகை பார்த்தாராம். அந்த நேரம் பார்த்து மிஸ்ஸி மெஷினோடு வந்து, திரையை இழுத்துவிட்டு அழுத்திப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. சந்தோஷத்தில் தமிழை மறந்து, "இவரை" என்றார்.

சிங்களத்தில் அதற்கு முடிந்துவிட்டது என்று அர்த்தம். கடையில் மாவு தீர்ந்தால் முதலாளி சொல்லுகிற வார்த்தை, மாமியாருக்கு நன்றாகத் தெரியும். தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தவர், முகத்தைக்கூடப் பார்க்கவில்லையே என்று ஒப்பாரி வைத்தார். கூட வந்த பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். நான் அலறியடித்துக்கொண்டு மகளைத் தொட்டுப் பார்த்தேன். மூச்சு ஓடிக்கொண்டிருந்தது. உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. பிறகுதான் ஒப்பாரியில் "ரெண்டாவது புள்ள" என்பது காதில் விழுந்தது.

ஆண்கள் முன்னால் அதுவரை வாயெடுத்துச் சொல்லாத வார்த்தையைச் சொன்னேன்.

"மாமி, அது புள்ள இல்ல. மூத்திரம்."

ஒப்பாரி பாதியில் நின்றது. நாளைக்கு வீட்டுக்குப் போகலாம் என்றார் மிஸ்ஸி. யாரோ களுக்கென்று சிரிக்க, எனக்கும் தையல் வலிக்க வலிக்கச் சிரிப்பு வந்தது. மாமியார் மூக்கைச் சிந்திவிட்டு அந்த மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒனக்கு மூத்திரத்தையே மிஷின் வச்சுப் பாக்குறாங்க," என்றார். "நான் லயத்துல பெத்தப்ப புள்ளையவே யாரும் வந்து பாக்கல. மூத்தது அப்படித்தான் போச்சு."

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அவர் அந்த ரெண்டாவது சேலையை மடித்து என் மகளின் தலைக்கடியில் வைத்தார்.