ஒன்பதாவது பாட்டு

அண்ணன் எழுதியது அந்தாதி. ஒரு பாட்டு முடிகிற சொல்லில் அடுத்த பாட்டு தொடங்க வேண்டும். அறுபத்தைந்தாம் வருஷத்து மொழிப் போராட்டத்தில், கல்லூரிப் பையன்கள் ஊர்வலத்தில் பாடுவதற்காக எழுதினான். "கையில காகிதம் இல்லேன்னாலும் ஒரு சொல் அடுத்ததை இழுத்துட்டு வந்துடும்" என்பான். எதுகைக்காக அரைமணி நேரம் ஒரே சொல்லை மென்றுகொண்டிருப்பவனைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். போராட்டத்துக்கு எதுகை என்ன, மோனை என்ன, கத்தினால் போதாதா? அவனிடமே கேட்டேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

எட்டுப் பாட்டு ஆயிற்று. எட்டாவது இப்படி முடியும்:

அடக்க அடக்க அலையென எழுவோம்;
முடக்க முடக்க முரசென முழங்கு!

ஒன்பதாவது 'முழங்கு' என்று தொடங்க வேண்டும். அங்கே மாட்டிக்கொண்டான். ஸ்ரீரங்கத்து வீட்டுக் கூடத்தில், காவிரிப் படித்துறையில், இலைக்கு முன்னால், எங்கும் முழங்கு, முழங்கு. "முதல்ல சோத்தை முழுங்குடா" என்றாள் அம்மா. அரசியல் என்றாலே அவளுக்கு ஆகாது.

மறுநாள் ஊர்வலத்துக்குப் போனவன் திரும்பவில்லை. தடியடி என்றார்கள், துப்பாக்கிச் சூடு என்றார்கள், ஆளுக்கொன்று சொன்னார்கள். அவன் உயிரோடு இருக்கிறானா என்றே தெரியவில்லை. நாலு நாள் அம்மாவும் நானும் ஆஸ்பத்திரிக்கும் ஸ்டேஷனுக்குமாக அலைந்தோம். ஐந்தாம் நாள் திருச்சியில் ஜெயில் வாசல்.

"உள்ள நிறைய பசங்க இருக்காங்கம்மா. பேர் விவரம் இன்னும் வரலை. நாளைக்கு வாங்க" என்றார் காவலர்.

அம்மா கிளம்பவில்லை. மதிலோரமாக நடந்தாள், நின்றாள். தெருவில் குரல் உயர்த்தியே அறியாதவள், எட்டாவது பாட்டை உரக்கச் சொன்னாள். ஓர் அசை பிசகவில்லை. காதில் விழுந்தே அவளுக்குப் பாடமாகியிருந்தது.

மதிலில் காதை வைத்துக் கேட்டாள். மறுபடி சொன்னாள். மூன்றாம் முறை 'முழங்கு' என்று அவள் முடித்ததும், மதிலுக்கு அந்தப் பக்கம் எத்தனையோ தொண்டைகள் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டன:

முழங்கு தோழா மூச்சுள மட்டும்;
வழங்கு தோளை வாழ்வுள மட்டும்!

அத்தனை பேரும் ஒரே சந்தத்தில், காகிதமே இல்லாத இடத்திலிருந்து. எவ்வளவு பெரிய காரியத்தைக் கிண்டல் செய்திருக்கிறேன் என்று வெட்கமாக இருந்தது.

அம்மா என் கையை இறுகப் பிடித்தாள்.

"ஒன்பதாவதுடி. வீட்டுல இருந்தப்போ இது இல்லையே. உள்ள உக்காந்து எழுதியிருக்கான்."

சொல்லிவிட்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்து அழுதாள்.